கும்பிடு என்றொரு அலை

என்னைவிடப் பெரிய மடையன் சிட்னியில், எங்கள் மெரிலேண்ட்ஸில் இருந்தால் அவனை ஒருமுறை பார்க்க ஆசை. நீச்சல் குளத்தில் கழுத்தளவு தண்ணீர் வந்தாலே கண்ணை மூடிக்கொள்கிற நான், மாடி வீட்டு உயர அலையில் பலகை போட்டுச் சறுக்கப் போகும் மகளுக்குக் கரையில் காவல் நிற்க ஒப்புக்கொண்டேன்.

சிட்னிக்குத் தெற்கே ஒரு பாறை முனை. கடலுக்கடியில் கிடக்கும் பாறைத் திட்டில் இடறித்தான் அலை அங்கே அப்படி எழும்புகிறது. மகளையும் அவளுடைய நண்பனையும் தவிர அதில் ஏறுகிறவர்கள் குறைவு. அதற்கு அப்போது பெயர்கூட இல்லை. வழக்கமாகப் பாறை மேலே நின்று அவளுக்குச் சைகை காட்டுகிறவர் அன்று வரவில்லை.

"சிம்பிள் அப்பா. தூரத்தில பெரிய அலையள் வாறது தெரிஞ்சா ஒரு கையைத் தூக்குங்கோ, நான் ஆழத்துக்குப் போயிடுவன். கடல் அடங்கியிருந்தா ரெண்டு கையும், நான் கரைப் பக்கம் வருவன். விளங்கினதோ?"

"ஓம். எனக்கென்ன விசரோ?"

"அம்மாட்டக் கேட்டுச் சொல்லுறன்."

நண்பன் ஜெட் ஸ்கீ என்ற தண்ணீர் ஸ்கூட்டரில் ஓரமாகக் காத்திருந்தான். மேலேயிருந்து பார்க்க, பலகையில் படுத்திருந்த மகள் எள்ளளவு தெரிந்தாள். முதலில் நான் நன்றாகத்தான் செய்தேன். போக்குவரத்துப் பொலிஸ்காரனின் மிடுக்கு வந்துவிட்டது.

பிறகு தொடுவானம் கறுத்தது. ஒரு கோடு, அதன் பின்னால் இன்னொன்று. ஒரு கை என்பது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் பயம் வந்தால் என் கைகள் என்னைக் கேட்பதில்லை. கோயிலில் தீபம் காட்டும்போது எழும்பிப் பழகியவை. இரண்டும் தலைக்கு மேலே போய்க் கூப்பிக்கொண்டன. "பிள்ளையாரப்பா, என்ரை பிள்ளையைக் காப்பாத்து."

பிள்ளை இரண்டு கைகளைக் கண்டாள். கரைப் பக்கம் திரும்பித் துடுப்புப்போலக் கையை வலித்தாள். அவள் பிழையான பக்கம் வர வர நான் இன்னும் உருகிக் கும்பிட்டேன். உருக உருகக் கைகள் இன்னும் உயர்ந்தன.

அலை அவள் மேல் விழுந்தது. சத்தம் காலுக்கடியில் பாறைக்குள்ளால் ஏறி வந்தது. வெள்ளை நுரை. பலகை மட்டும் தனியே துள்ளி எழுந்து விழுந்தது. அவளைக் காணவில்லை. அதே இடத்தில் அடுத்த அலையும் விழுந்தது. கூப்பிட வாயைத் திறந்தேன், அவளுடைய பெயர் வரவில்லை. வீட்டில் அவளுடைய அம்மா மத்தியானச் சமையலில் நிற்பாள் என்று மட்டும் நினைவு வந்தது. பாறையில் குந்திவிட்டேன். கைகள் அப்போதும் மேலே.

நுரைக்குள் செம்மஞ்சளாக அவளுடைய மிதவைச் சட்டை தெரிந்தது. நண்பன் பாய்ந்து போய் அவளை இழுத்துப் போட்டுக்கொண்டு, துரத்தி வந்த அலைக்கு முன்னால் ஓடினான்.

கரையில் அவள் உப்புத்தண்ணீரைச் சத்தி எடுத்தாள். உதடு வெடித்திருந்தது. உங்கள் அப்பா மேலே நின்று என்னதான் செய்தார் என்று அவன் ஆங்கிலத்தில் கேட்டான்.

"கும்பிடு," என்றாள் மகள், என்னைப் பார்க்காமல்.

அவன் அந்தச் சொல்லை வாய்க்குள் உருட்டிப் பார்த்தான். இப்போது எனக்குத் தெரியாத வெள்ளைக்காரப் பெடியன்கள்கூட அந்த அலையைக் 'கும்பிடு' என்றுதான் சொல்கிறார்களாம். சிரிக்கிறார்கள். அந்தப் பெயரைக் கேட்டால் நான் இரண்டு கைகளையும் காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்கிறேன்.

உதடு ஆறியதும் ஒரு காலை அவள் காரின் மேல் பலகையைக் கட்டிக்கொண்டிருந்தாள். எங்கே என்று கேட்கத் தேவையில்லை. வீட்டில் இருந்து பயப்படுவதைவிட அங்கே நின்று பயப்படுவது மேல் என்று தோன்றியது.

"நானும் வரட்டோ?"

"காருக்குள்ளயே இருக்கிறதெண்டா வாங்கோ."