மைக் அருளப்பன் படிக்காத பேர்

போன செவ்வாய்க்கிழமை காலை அரிசி களைந்துகொண்டிருந்தேன். மேட்டுப்பட்டித் தெருவுக்குள் மைக் கட்டிய ஆட்டோ வந்தது. புதுக் குரல். "லூர்துமேரி அவர்களின் கணவர்" என்று தொடங்கியது. எங்கள் பகுதியில் லூர்துமேரிகள் நிறைய. எந்த லூர்துமேரி என்று காது கொடுத்தேன். "அருள்" என்று சொல்லி மூச்சு வாங்கி, பிறகு "அப்பன்" என்றது குரல். என் கை பாத்திரத்துக்குள்ளேயே நின்றுவிட்டது. இந்த ஊர்ச் சாவையெல்லாம் வீதி வீதியாகச் சொன்ன மனிதரின் பேரையே இரண்டாக உடைத்துச் சொல்ல ஒரு ஆள் வந்துவிட்டான்.

மைக் அருளப்பனை உங்களுக்கெல்லாம் தெரியும். தேர்தல், திருவிழா, காணாமல் போன மாடு, துக்கம் எதுவானாலும் அவர் குரலில்தான் நமக்கு வந்தது. ஆனால் எனக்கும் அவருக்கும் பத்து வருடம் பேச்சில்லை என்பது உங்களில் பலருக்குத் தெரியாது. அதை மறைத்துவிட்டு அவரைப் புகழ்ந்தால் பொய்யாகிவிடும்.

என் வீட்டுக்காரர் சூசை இறந்த அன்று நான் உடல் அருகே உட்கார்ந்திருந்தேன். தெருமுனையில் அருளப்பனின் ஆட்டோ நின்றது. வனத்தையாவின் மகன், சவரியின் அண்ணன், ஜானின் தகப்பனார் என்று வரிசையாகச் சொன்னார். மனைவி பேர் வரவில்லை. மறந்திருப்பார், அடுத்த தெருவில் சொல்வார் என்று நினைத்தேன். அழுகைச் சத்தத்துக்கு நடுவிலும் அதையே கேட்டுக்கொண்டிருந்தேன். நாலு தெரு சுற்றினார். நாலிலும் என் பேர் இல்லை. இருபத்தெட்டு வருடம் சூசையோடு வாழ்ந்தவள் ஒருத்தி உண்டு என்று ஊர் காதில் விழவே இல்லை. அன்றிலிருந்து அந்த ஆட்டோ வந்தால் ஜன்னலைச் சாத்துவேன்.

அப்புறம் என் பேரன் பிரிட்டோ முதன்முதலாக ஒரு சிடி போடக் கிளம்பினான். எட்டுப் பாட்டு. மலேசியாப் பையன்களின் கேசட்டைக் கேட்டுக் கேட்டுப் பிடித்த ராப் பழக்கம். வேடசந்தூர் மில் பஸ் பற்றி ஒன்று, வராத குழாய்த் தண்ணீர் பற்றி ஒன்று, எல்லாம் அவனே எழுதியவை. ராகம் கிடையாது. தாளம் அடித்துக்கொண்டே இருக்கும், அதன்மேல் அவன் பேசிக்கொண்டே போவான். இது பாட்டா சண்டையா என்று கேட்டேன். "ரெண்டுந்தான் அப்பத்தா" என்றான். எனக்கு ஒன்றுதான் அதிசயம். இத்தனை வார்த்தைக்கு நடுவே இவன் எங்கே மூச்சு விடுகிறான்? அடுப்படியில் நின்று அந்த இடங்களை எண்ணிக்கொண்டிருப்பேன்.

சிடியின் தொடக்கத்தில் அருளப்பன் துக்கம் சொல்கிற மாதிரியே ஒரு அறிவிப்பு சொல்லவேண்டுமாம். நல்ல காரியத்தில் சாவு அறிவிப்பா என்று அதைத் தடுக்கத்தான் பழனி ரோட்டில் இருந்த ரெக்கார்டிங் அறைக்குப் போனேன். சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டியிருந்தார்கள். பிரிட்டோ ஒரு வரியை முடிக்க முடியாமல் திணறிக்கொண்டிருந்தான். அருளப்பன் நாற்காலியில் சாய்ந்தபடி சொன்னார்: "வேகமாச் சொல்லு தம்பி, வேணாங்கல. ஆனா ஒரு ஆளு பேர ரெண்டாப் பொளந்து மூச்சு வாங்காத."

பேர் என்ற சொல்லைக் கேட்டதும் நான் தடுக்க வந்த காரியம் மறந்துபோனது. "எங்க வீட்டுக்காரர் சாவுல என் பேர மட்டும் ஏம்ப்பா முழுங்குன?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் யோசிக்கவே இல்லை. "முழுங்கலக்கா. சீட்டுல இல்ல. வீட்டம்மா பேரு எங்கன்னு எழுதிக் குடுத்த உங்க கொழுந்தனார்ட்டயே கேட்டேன். அது ஊருக்கே தெரியும், இருக்குறதப் படின்னாரு. சீட்டுல இருந்தாத்தான் என் வாயில வரும். நானா ஒண்ணு சேத்தா, நாளைக்கு நானா ஒண்ண எடுத்துருவேன்."

அன்றைக்கே என் கோபம் அருளப்பனை விட்டு இறங்கி, கொழுந்தன் சவரி வீட்டுக்குக் குடிபோனது. இன்னும் அங்கேதான் இருக்கிறது.

பிரிட்டோ எழுதிய சீட்டை அருளப்பன் வாங்கினார். படிக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தார். யாருடைய பேரன் என்று இதில் இல்லையே என்றார். பிரிட்டோ பேனாவை எடுத்தான். "நீ இரு. அக்கா எழுதட்டும்."

மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். ரேஷன் கடையில் கையெழுத்துப் போடுவதோடு சரி. எழுத்து கோணிக்கொண்டு போய்க் காகித ஓரத்தில் முட்டியது. அவர் அவசரப்படுத்தவில்லை. வாங்கி ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்துவிட்டு, மைக் முன்னால் நின்று, "அந்தோணியம்மாள் அவர்களின் பேரன்" என்று ஒரே மூச்சில் சொன்னார். நான் எதையும் தடுக்காமல் வீட்டுக்குத் திரும்பினேன்.

அந்த சிடி கொஞ்ச நாள் மில் பஸ்களில் ஓடியது. ராப் பிடிக்காதவர்கள்கூட முதல் குரலைக் கேட்டதும் யார் வீட்டில் துக்கம் என்று பேச்சை நிறுத்துவார்களாம். நிறுத்தியவர்கள் காதில் என் பேர் விழுந்திருக்கும்.

அருளப்பனின் அடக்கத்துக்குப் போனபோது லூர்துமேரி ஒரு சீட்டைக் காட்டினார். தன் சாவு அறிவிப்பை அவரே எழுதி பைபிளுக்குள் வைத்திருந்தாராம். முதல் வரியே மனைவி பேர். மூச்சு விடவேண்டிய இடங்களில் எல்லாம் சின்னக் கோடு. புதுப் பையன் கோட்டைக் கவனிக்கவில்லை.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இதைத்தான். வீட்டுக்கு வந்து என் சீட்டை என் கையாலேயே எழுதிவிட்டேன். சூசையின் மனைவி, ஜானின் தாய், பிரிட்டோவின் அப்பத்தா. கோடும் போட்டிருக்கிறேன். கொழுந்தன் பேருக்கு ஒரு வரி இடம் விட்டிருக்கிறேன். இன்னும் எழுதவில்லை.