சித்தப்பாவுக்கு ஐந்து போதும்

சித்தப்பா கம்பியில் தொங்கி எழும்போது பக்கத்தில் நின்று எண்ணிச் சொல்வது என் உத்தியோகம். பத்து வயதில் எனக்குக் கிடைத்த முதல் உத்தியோகம் அது. மூன்று வாரம் நின்று பார்த்தேன். ‘ஒன்று’ என்று சொல்லக்கூட வாய்ப்புக் கிடைக்கவில்லை.

செமோர் டவுனிலிருந்து உள்ளே தள்ளி இருந்த எங்கள் ரப்பர் தோட்டத்தை விற்கப்போகிறார்கள் என்ற பேச்சு அந்த வருஷம் உறுதியாகிவிட்டது. தோட்டம் போனால், தொழிலாளிகளுக்கு வரிசையாகக் கட்டிக்கொடுத்த லயத்து வீடும் போகும். அப்பாவும் அம்மாவும் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர்கள். வேறு வேலை தெரியாது. வீட்டில் படித்தவர் என்றால் அப்பாவின் தம்பியான சித்தப்பா ஒருவர்தான். ஈப்போவில் பொம்பாவுக்கு, அதுதான் தீயணைப்புப் படைக்கு, ஆள் எடுத்தார்கள். எழுத்துப் பரீட்சையில் தேறிவிட்டார். பாக்கி உடல் பரீட்சை. ஓடுவார், தாண்டுவார், அதிலெல்லாம் குறையில்லை. கம்பியில் தொங்கி, தாடை கம்பிக்கு மேலே வரும்படி ஐந்து முறை எழ வேண்டுமாம். அங்கேதான் வந்தது வினை. வேலை கிடைத்தால் ஈப்போவில் ஒரு வாடகை வீடு பிடித்து எல்லாரும் ஒன்றாகப் போய்விடலாம். கிடைக்காவிட்டால் என்ன என்பதை வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

லயத்துக்குப் பின்னால் இரண்டு மரங்களுக்கு நடுவே ஒரு பழைய தண்ணீர்க் குழாயை அப்பா கட்டிக்கொடுத்தார். “இருவது எடுத்துக் காட்டுறேன் பாருலா” என்றார் சித்தப்பா. பரீட்சை கேட்டது ஐந்து, நம்மவருக்கு இருபது. பச்சை முட்டை குடித்தார், ஆட்டுக்கால் சூப்பு குடித்தார். பிறகு கம்பியைப் பிடித்துத் தொங்கி, காலை உதைத்து, முகமெல்லாம் சிவந்துபோவார். முழங்கை மட்டும் மடங்காது. கேட்டால் கை வழுக்குகிறது என்பார்.

வழுக்காமலிருக்க அவரே ஒரு வழியும் கண்டுபிடித்தார். தோட்டத்தில் பிறந்தவருக்குத்தான் அந்தப் புத்தி வரும். வாளியில் மிஞ்சியிருந்த ரப்பர் பாலை இரண்டு உள்ளங்கையிலும் பூசிக் காயவிட்டார். கம்பியோடு கை ஒட்டிக்கொள்ளும் என்பது அவர் கணக்கு. பால் ஒட்டத்தான் செய்தது. கம்பியில் ஒட்டிக்கொண்டு, கையிலிருந்து முழுசாக உரிந்து வந்துவிட்டது. சித்தப்பா மல்லாக்க விழுந்தார். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அவர் எழுந்திருக்கவில்லை. கண்ணில் தண்ணீர் நிற்பதைப் பார்த்த பிறகுதான் வாயை மூடினேன்.

துணி துவைத்துக்கொண்டிருந்த அம்மா ஈரக் கையோடு வந்தாள். சுற்றுமுற்றும் பார்த்தாள். கைலியை இழுத்துச் செருகிக்கொண்டு எம்பிக் கம்பியைப் பிடித்தாள். நான்கு முறை மேலே போய் வந்தாள், கிணற்றில் தண்ணீர் சேந்துகிற மாதிரி. எண்ணுவது என் உத்தியோகம் என்பதே எனக்கு மறந்துபோனது. இறங்கி மூச்சு வாங்கிக்கொண்டு, “இருவதெல்லாம் வேணாம் தம்பி. அவன் கேக்கறது அஞ்சு. மொதல்ல ஒண்ணுக்கு வழி பாப்போம்” என்றாள். என் பக்கம் திரும்பி, “வெளிய மூச்சு விட்ட, வாயில சூடுதான்” என்றாள். இத்தனை வருஷம் கழித்து இப்போதுதான் விடுகிறேன்.

மறுநாளிலிருந்து அம்மா வைத்ததுதான் சட்டம். முதலில் சும்மா தொங்கினால் போதும், நான் முப்பது எண்ணும் வரைக்கும். அது பழகியதும், கவிழ்த்த வாளி மேல் ஏறித் தாடையைக் கம்பிக்கு மேலே கொண்டுபோய், காலை எடுத்துவிட்டு மெதுவாக இறங்க வேண்டும். ஒரு நாள் செய்தால் மறுநாள் கம்பிப் பக்கமே போகக்கூடாது. சித்தப்பா அவசரப்பட்டபோதெல்லாம் அம்மா காண்டாவைத்தான் காட்டுவாள்; இரண்டு பக்கமும் பால் வாளியை மாட்டித் தோளில் சுமக்கிற கம்பு அது. “புதுசா காண்டா தூக்க வர்ற புள்ளைக்கு மொத நாளே ரெண்டு வாளியும் ரொப்பிக் குடுப்பாங்களா?”

ஐந்தாவது வாரம் ஒரு சாயங்காலம் அந்தத் தாடை கம்பியைத் தாண்டியது. “ஒண்ணு” என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக் கோழியெல்லாம் சிதறின. இரண்டுக்குப் பத்து நாள் ஆனது. பரீட்சை நெருங்கும்போது சில நாள் ஐந்து, சில நாள் நாலரை. அந்த அரை எங்களைப் பாடாய்ப்படுத்தியது.

பரீட்சையன்று சித்தப்பா முதல் பஸ்ஸில் போனார். அம்மா வழக்கம்போல் பால் வெட்டிவிட்டு வந்து, குழம்புக்கு இரண்டு தடவை உப்புப் போட்டாள். சாயங்காலம் செம்மண் சாலையில் அவர் தலை தெரிந்தது. நடையைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. வாசலில் வந்து நின்று, “அஞ்சு அண்ணி. ஆறாவதுக்கு ஆசப்படல. எடுத்துட்டாங்க” என்றார். அம்மா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். அப்பா துண்டால் முகத்தைத் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். அப்பாடா என்றிருந்தது எனக்கு. அந்த உப்புக் குழம்பை ஊற்றி இரண்டு தட்டுச் சோறு தின்றேன்.

சந்தோஷம் தலைக்கேறி, சாப்பிடும்போது சித்தப்பாவைச் சீண்டினேன். “அம்மாவே சும்மா நாலு எடுக்கும்போது, ஆம்பள நீங்க ஏன் சித்தப்பா அப்படிக் கெடந்து தொங்குனீங்க?” சிரித்துக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டு அம்மாவைப் பார்த்தார். அம்மா, “பேசாம தின்னு” என்றாள்.

அம்மா கல்யாணமாகி அந்த லயத்துக்கு வந்தபோது சித்தப்பாவுக்கு ஏழு வயது. அந்த வயதுப் பிள்ளைகளெல்லாம் விடியுமுன்னே பெரியவர்களோடு ரப்பர் காட்டுக்குப் போய் வாளி தூக்குவார்கள். இவன் பள்ளிக்கூடம் போகட்டும் என்று பிடிவாதமாகச் சொல்லி, அவருக்கு விழவேண்டிய வாளிகளையும் அம்மா தன் தோளிலேயே ஏற்றிக்கொண்டாளாம். சித்தப்பா கைக்கு வலு வராமல் பார்த்துக்கொண்டதே அம்மாதான் என்பது, தட்டை வழித்துக்கொண்டிருந்த எனக்கு அன்றைக்குத் தெரியாது.