வேலியில் கட்டிய வெள்ளைச் சேலை

இரண்டு வேலிக்கால்களுக்கு நடுவே இழுத்துக் கட்டியிருந்த அந்த வெள்ளைச் சேலையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு முகம் சுடுகிறது. கும்மிடிப்பூண்டியில் கம்பெனிகள் ஒவ்வொன்றாக வரத் தொடங்கிய எழுபதுகளின் கடைசி அது. என் கணவருக்கு ஒன்றில் வேலை கிடைத்து, புதுக் குடித்தனமாக வந்திருந்தோம். பக்கத்து வீட்டில் நர்ஸம்மா தனியாக இருந்தார். இள வயதிலேயே கணவரை இழந்தவர். ஊரில் பாதிப் பிள்ளைகள் அவர் கையில் பிறந்தவை. உப்பு தீர்ந்தாலும் தலைவலி வந்தாலும் நான் ஓடியது அவரிடம்தான். அந்த ஊரில் எனக்கென்று வேறு யார் இருந்தார்கள்?

ஐப்பசி மழையில் எங்கள் தோட்டங்களுக்கு நடுவே இருந்த முள்வேலி சாய்ந்தது. அந்தத் தெருவில் வேலிக்கு ஒரு வழக்கம் உண்டு. வாசலில் நின்று வெளியே பார்த்தால், வலக்கைப் பக்கத்து வேலி அந்த வீட்டுக்காரர் பொறுப்பு. இந்த வேலி எனக்கு இடக்கை. அதனால் அது நர்ஸம்மாவுடையது. ஆனால் நாங்கள் குடிவந்த மாதமே அவர் தெருவாசலை அடைத்துவிட்டுப் பின்சந்துப் பக்கம் கதவு வைத்துக்கொண்டார். அங்கே நின்றால் அவருக்கும் அது இடக்கை. ஆக, வேலிக்கு ஆளில்லை. ஆடுகள் புகுந்து என் கீரைப் பாத்தியை மொட்டையடித்துவிட்டன.

எனக்கு அப்போது வாய் கொஞ்சம் நீளம். "வாசலைத் திருப்பச் சொல்லி உங்கள யாரு கேட்டாங்க? இல்லாட்டி இது உங்க வேலிதானே?" என்று கத்தினேன். அவர் ஏதோ சொல்ல வந்து, "நான் பாத்துக்கிறேம்மா" என்றதோடு உள்ளே போய்விட்டார். மறுநாள் காலையில் அந்த இடைவெளியில் அவருடைய டூட்டிச் சேலை கட்டியிருந்தது. ஆடு இதைப் பார்த்து மிரளுமாக்கும் என்று நொடித்தேன்.

அன்றைக்குக் கீரை விற்க வந்த அம்மா அதைப் பார்த்துக் கூடையை இறக்கினாள். நர்ஸம்மா வாசலைத் திருப்பியதால் வந்த வினை என்று அவளிடம் பொருமினேன். "அடிப்பாவி, உனுக்குத் தெரியாதா? பால் காய்ச்ச வந்தப்போ உன் மாமியாரு இன்னா சொல்லிச்சு? 'என் புள்ள வேலைக்குப் போற நேரத்துல தாலியறுத்தவ எதுர்ல நிக்கிறா'ன்னிச்சு. அது அந்தம்மா காதுல வுழுந்துச்சு. உன் ஊட்டுக்காரரு நல்லா இருக்கட்டும்னு வாசலையே திருப்பிக்கினாங்க."

யார் கேட்டது என்றேனே, எங்கள் வீடுதான் கேட்டிருக்கிறது! எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. அப்படியே பின்சந்துக்கு ஓடி, அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். "வாசலைப் பழையபடி வைங்க நர்ஸம்மா. அவரு தினமும் உங்க முகத்தப் பாத்துட்டே வேலைக்குப் போகட்டும்."

"உன் மாமியாருக்குத் தெரிஞ்சா பேஜாரும்மா" என்றார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

"வரட்டும், நான் பேசிக்கிறேன்" என்றேன். நீளமான வாய் அந்த ஒருமுறைதான் நல்லதுக்குப் பயன்பட்டது.

பொங்கலுக்குள் தெருவாசல் திறந்தது. வேலி மறுபடி அவருடைய வலக்கைக்குப் போனது. ஆனாலும் முள்ளை அவர் ஒரு முனையிலும் நான் மறுமுனையிலும் பிடித்துத்தான் கட்டினோம். சேலையை அவிழ்த்தபோது முள் கிழித்து அது கந்தலாகியிருந்தது.

நர்ஸம்மா போய்ப் பல வருடமாயிற்று. வேலி இருந்த இடத்தில் இப்போது மதில். போன மழையில் அதில் விரிசல் விட்டது. "நம்ம பொறுப்பாம்மா, அவங்க பொறுப்பா?" என்று என் மகன் பத்திரத்தை எடுத்து வைத்துக்கொண்டு தேடினான்.

"அத உள்ள வை. நாமே பூசிடலாம்" என்றேன். "அந்தம்மா சேலை கட்டின இடம்டா அது."