உப்பளத்து வளைவில் நிற்காத பஸ்

இன்று வேம்பார் பஸ்ஸில் முன் சீட்டில் என் பக்கத்தில் சூசை அண்ணாச்சி உட்கார்ந்திருந்தார். நேற்று வரை இதே ரூட்டில் தனியார் பஸ் ஓட்டியவர். முதலாளியின் பெர்மிட்டைப் புதுப்பிக்காமல் ரூட்டை அரசாங்கமே எடுத்துக்கொண்டது. அண்ணாச்சிக்கு வேலை போய்விட்டது.

உப்பளத்து வளைவில், வேலை முடிந்த பெண்கள் வழக்கம்போல ரோட்டோரம் நின்று கை காட்டினார்கள்.

"தம்பி, நம்ம வண்டி இங்கன நிக்கும்லா," என்றார் அண்ணாச்சி.

"பெர்மிட்டுல இந்த ஸ்டாப் கெடையாது அண்ணாச்சி. நிப்பாட்டுனா எனக்கு மெமோ குடுப்பாவ," என்றார் புது டிரைவர். பாவம், அவர் குரலும் இறங்கித்தான் இருந்தது.

அண்ணாச்சியின் வலது கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது, பிரேக் அங்கே இருப்பதுபோல.

முன் கண்ணாடி வழியே அவர் முகத்தைக் கண்டு சிரித்த ஒருத்தி, வண்டி நிற்காதது தெரிந்ததும் கையைக் கீழே போட்டாள்.

"மரியா என்னையப் பாத்துட்டா," என்றார் அண்ணாச்சி. "நான்தான் நிப்பாட்டாம போறேன்னு நெனச்சிருப்பா."

அதன்பின் ஊர் வரும்வரை அவர் தலையை நிமிர்த்தவில்லை.

நாளை அந்த வழியாகச் சைக்கிளில் போகிறவர்கள் யாராவது அந்தப் பெண்களிடம் சொல்லிவிடுங்கள், வண்டி ஓட்டியது அவர் இல்லை என்று. நானே சொல்லியிருப்பேன். நான் போகிற பஸ் அங்கே நிற்காது.