திங்கட்கிழமைத் தாள்கள்

கெடார் கிராமத்து அம்சவள்ளி எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டவள். அதற்கப்புறம் முப்பது வருஷம் அவள் பேனாவைத் தொட்டது கையெழுத்துப் போட மட்டும்தான். அப்படிப்பட்டவளைத் தினமும் எழுத வைத்தது அவள் புருஷன் விருத்தாசலத்துக்கு வந்த வலிப்பு.

முதல் தடவை விழுப்புரத்துக்குக் கூட்டிப் போனபோது டாக்டர் ஆர்த்தி, "கடைசியா எப்பம்மா வந்துச்சு? அதுக்கு முன்னால?" என்று கேட்டார். அம்சவள்ளி, "வந்துக்கினே இருக்குதுங்க" என்றாள். இந்தப் பதிலை வைத்துக்கொண்டு யாரும் ஒன்றும் செய்ய முடியாது என்று அவளுக்கே தெரிந்தது. வெட்கமாகப் போய்விட்டது. டாக்டர் தினம் இரண்டு வேளை மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

அன்று சாயங்காலமே ஆரம்பித்தாள். நோட்டெல்லாம் வாங்கவில்லை. தினசரி காலண்டரில் அன்றைய தாளைக் கிழித்து, அதன் பின்பக்கம் எழுதினாள். மழை, மாடு, என்ன குழம்பு, யாரோடு சண்டை, மாத்திரை கொடுத்தது, வலிப்பு வந்தது, எல்லாம் ஐந்தாறு வரி. எழுதிய தாளைச் சுவரில் தொங்கும் கம்பியில் குத்தி வைப்பாள்.

"ஒண்ணுமே நடக்காத நாளு இன்னாத்த எழுதுவ?" என்று விருத்தாசலம் சீண்டினான்.

"ஒண்ணும் இல்லன்னு எழுதுவேன். உனக்கின்னா பேஜாரு?"

ஒரு வருஷம் போனது. வலிப்பு குறைந்ததே தவிர நிற்கவில்லை. ஒரு நாள் காலையில் மோட்டார் போடப் போனவன் கிணற்றோரம் விழுந்து கிடந்தான். இன்னும் ஒரு முழம் தள்ளி விழுந்திருந்தால் ஆள் உள்ளே போயிருப்பான். அன்றிலிருந்து அவனைத் தனியாகக் கொல்லைக் காட்டுக்கு விடவில்லை. இருபது வருஷம் மல்லாட்டைப் பயிருக்குத் தண்ணீர் பாய்ச்சியவன், பொண்டாட்டி துணையோடு போய் மோட்டார் போட்டான். அதில் அவன் குறுகிப் போனதை அவளால் பார்க்க முடியவில்லை.

நாத்தனார் சின்னபொண்ணு வந்தாள். "அண்ணி, இது அமாவாசைக்கு அமாவாசைதான் வருது. மாத்திரைய வுட்டுட்டு அண்ணன ஒரு மண்டலம் கோயில்ல தங்க வைப்போம்" என்றாள்.

அம்சவள்ளிக்கும் பாதி மனது அப்படித்தான் இருந்தது. எதற்கும் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று தாள் குத்திய கம்பியோடு டவுன் பஸ் ஏறினாள். புருஷனும் நாத்தனாரும் கூடவே வந்தார்கள்.

டாக்டர் வலிப்பு வந்த தாள்களை மட்டும் உருவி மேசையில் பரப்பினார். பதினான்கு தாள். சின்னபொண்ணு எட்டிப் பார்த்தாள். அமாவாசை என்று அச்சடித்திருந்தது ஒரே ஒரு தாளில்தான். ஆனால் பன்னிரண்டு தாளில் திங்கட்கிழமை என்றிருந்தது.

"ஞாயித்துக்கிழமை வீட்ல என்னம்மா நடக்குது?"

"ஒண்ணும் இல்லிங்களே. கறி எடுப்போம், அவ்ளோதான்."

டாக்டர் ஞாயிற்றுக்கிழமைத் தாள்களைத் தேடி எடுத்து ஒவ்வொன்றாகப் படித்தார். 'கறிக்குழம்பு. மாத்திரை குடுக்கல.' அடுத்ததிலும் அதே. அதற்கடுத்ததிலும் அதே.

"ஏம்மா குடுக்கல?"

"கவிச்சி சாப்புட்டா மருந்து ஆகாதுங்களே?" அவளுக்குக் காமாலை வந்தபோது பச்சிலை மருந்துக்கு ஒரு மாசம் பத்தியம் இருந்திருக்கிறாள். மருந்தென்றால் பத்தியம் என்பது அவள் கணக்கு.

"இந்த மாத்திரைக்குப் பத்தியமே கிடையாதும்மா. ஒரு நாள் விட்டாலும் வலிப்பு வரலாம்."

அம்சவள்ளி மேசையிலிருந்த தாள்களில் ஒன்றைத் திருப்பிப் பார்த்தாள். கிணற்றோரம் விழுந்ததும் ஒரு திங்கட்கிழமைதான். விருத்தாசலம் மெதுவாக, "அப்ப கறிய நிறுத்த வேணாங்களா?" என்று கேட்டான். டாக்டர் சிரித்துவிட்டார். வலிப்பு இல்லாமல் ஆறு மாசம் போனால் தனியாக விடலாம் என்றும் சொன்னார்.

அன்று சாயங்காலம் தாளைக் கிழித்துப் பேனாவை எடுத்தாள். எழுதாமல் விட்டால் யார் கேட்கப் போகிறார்கள்? ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளையும் அப்படி விட்டிருந்தால் இன்றைக்குக் கோயிலில்தான் இருந்திருப்பார்கள். எழுதினாள்: 'தப்பு என்னுது. நான்தான் குடுக்கல.'

அதற்கப்புறம் வந்த இருபத்தேழு திங்கட்கிழமைத் தாள்களிலும் முதல் வரி, 'ஒண்ணும் இல்ல.' இருபத்தேழாவதில் மட்டும் இன்னொரு வரி இருக்கிறது: 'இவுரு தனியா போயி மோட்டார் போட்டுட்டு வந்தாரு.'