காண்டசாவுக்குப் புது கேஸ்

கல்யாண வீட்டுக்காரர்களுக்கு என் பழைய காண்டசா கார் மேல் அப்படி ஒரு மோகம். மல்லிகைச் சரம் சுற்றிவிட்டால் தேர்தான். வாடகைக்கு விடுவதும் நான், ஓட்டுவதும் நான். ஆனால் ஏ.சி. செத்து வருஷக்கணக்காகிவிட்டது. அதற்குரிய பழைய ரக கேஸ் இப்போது கடைக்கு வருவதில்லை. போன வைகாசியில் சேரன்மகாதேவியிலிருந்து நான் ஏற்றிவந்த பெண்ணுக்குக் கண்மை கன்னம் வரை வழிந்துவிட்டது. "காரா இது? இட்லிக் கொப்பரை!" என்று அவள் அம்மா மண்டப வாசலில் வைத்து என் மானத்தை வாங்கினாள். அதன்பிறகு ஒரு ஈ, காக்கா கூட என் பக்கம் வரவில்லை.

"வித்துருவோம்ளா" என்றார் என் வீட்டுக்காரர்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "சித்திரையில முக்கூடல் கல்யாணம் ஒண்ணு வந்திருக்கு. ஏ.சி. உண்டுன்னு வாக்குக் குடுத்துட்டேன். அதுலயும் பொண்ணு வேர்த்து எறங்குனா வித்துருதேன், போதுமா?" என்றேன். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது எனக்குப் புதிதில்லை.

எனக்குத் தெரிந்த பாளையங்கோட்டை மெக்கானிக், புது கேஸுக்கு மாற்றிவிடலாம் என்றான். பழைய எண்ணெய் இதற்கு ஒத்துவராது என்று குழாய்களைக் கழுவினான். புது எண்ணெய் ஊற்றி, ரப்பர் வளையங்களையும் ஈரம் உறிஞ்சும் டப்பாவையும் மாற்றினான். பிறகு கேஸ் ஏற்றத் தொடங்கினான். நான் இன்ஜினை ஓடவிட்டு, காற்று வரும் இடத்தில் கையை வைத்து உட்கார்ந்திருந்தேன். சில்லென்று வந்தது. அம்மாடி! கண்ணே கலங்கிவிட்டது. ஆனால் அவன் ஏற்ற ஏற்ற அந்தச் சில்லிப்பு குறைந்து வெதுவெதுப்பானது.

"ஏலே, நிறுத்து! சூடாவுது!"

"கண்ணாடியில குமிழி ஓடுதேக்கா. குமிழி நின்னாத்தான நெறைஞ்சிருக்குன்னு அர்த்தம்?"

கேஸ் ஓடுவதைப் பார்க்கக் குழாயில் ஒரு சின்னக் கண்ணாடி உண்டு. பழைய கேஸுக்கு அதுதான் கணக்கு. அவன் மேலும் ஏற்றினான். கம்ப்ரசர் உறுமியது.

"ஒங் கண்ணாடியைத் தூக்கிக் குப்பையில போடு! பொண்ணு அதுக்குள்ளயா உக்காரப் போறா? இங்கன வந்து கைய வச்சுப் பாருலே!"

நான் போட்ட சத்தத்தில் பக்கத்து டயர் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். அவன் வந்து கையை வைத்தான். முகம் மாறியது. "ஆமாக்கா, கூடிப்போச்சு. இதுக்குக் கொறைச்சுத்தான் ஏத்தணும் போல. பழக்கதோஷம்" என்றான். மெஷினை மாட்டி, கூடுதலானதைப் பைய வெளியே இழுத்தான். கண்ணாடியில் குமிழி திரும்பவும் ஓடியது. குளிரில் என் விரல்கள் விறைத்தன.

"அங்கனயே நிறுத்து!" என்றேன். நிறுத்தினான்.

கல்யாணத்தன்று, சாயங்கால வரவேற்புக்காக மதியமே முக்கூடலிலிருந்து பெண்ணை ஏற்றிக் கிளம்பினேன். வெயில் மண்டையைப் பிளந்தது. ரயில்வே கேட்டில் வண்டி நின்றது. பின்சீட்டைக் காட்டும் கண்ணாடியில் பார்த்தேன். பெண் முகத்தில் பொட்டு வியர்வை இல்லை.

மண்டபத்தில் கரண்ட் இல்லை, ஜெனரேட்டரும் மக்கர். வாசலில் எல்லாரும் விசிறிக்கொண்டு நின்றார்கள். அத்தைக்காரி வந்து கதவைத் திறந்து, "எறங்குளா, நேரமாச்சு" என்றாள்.

"கரண்ட் வரட்டும் அத்தை. உள்ள குத்தாலம் மாதிரி இருக்கு" என்றாள் பெண்.

அத்தை தலையை உள்ளே நீட்டினாள். பிறகு அவளும் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து வீட்டுக்காரர் போன் செய்தார். "என்னாச்சு? பொண்ணு வேர்த்து எறங்கிட்டாளா?"

"பொண்ணு எங்க எறங்குதா? மாப்பிள்ளையத்தான் வண்டிக்கு வரச் சொல்லணும்!" என்றேன், தெருவுக்கே கேட்கும்படி.