பயணம் கிளம்பியவர்களுக்கு எதிரே

அடுத்த வீட்டுக் கார்த்திக்கும் அவன் மனைவி பவித்ராவும் முதுகில் ஆளுக்கொரு பையோடு இன்று பாங்காக்குக்கும், பாலி முதலான சில தீவுகளுக்கும் கிளம்பினார்கள்.

அருப்புக்கோட்டை பஸ் நிலையத்தில் விருதுநகர் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். கார்த்திக்கின் அம்மா தயங்கித் தயங்கி என்னிடம் வந்தார்.

"அக்கா, புள்ளைக கெளம்புதுக. கொஞ்சம் அங்கிட்டு நிக்கிறீகளா?"

கணவரை இழந்தவள் எதிரே வரக்கூடாதாம். நான் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை.

அதற்குள் பவித்ராவே என் முன்னால் வந்து நின்று மாமியாரிடம் சொன்னாள். "அத்தை, கடல் தாண்டிப் போறோம். பெரியம்மா மொகத்தப் பாத்துட்டுத்தான் பஸ் ஏறுவேன்."

அவள் பையின் வார் ஒரு பக்கம் தொங்கியது. இழுத்துச் சரிசெய்துதான் அனுப்பினேன்.

இப்போது விமான நிலையத்திலிருந்து இருவரும் சிரிக்கும் படம் வந்திருக்கிறது.

உங்களில் யாராவது பயணம் கிளம்பினால் நேரத்தைச் சொல்லுங்கள். எதிரே வருகிறேன்.